பவுல்ராஜ் முடிந்து கொடுத்த உப்பு

அத்தியாயம் பதினேழு

போன வாரம் பவுல்ராஜை வாசலிலேயே நிறுத்திவிட்டுப் போய்விட்டோம். செருப்பைக் கழற்றிய மனிதன் இன்னும் அங்கேதான் நிற்கிறான். வெயில் ஏறிவிட்டது. தங்கச்சி உள்ளே கூப்பிடுவாளா, விளக்குமாற்றை எடுப்பாளா என்று தெரியாமல் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறான்.

இன்னாசியம்மாள் கூப்பிடவில்லை. கதவை அடைக்கவும் இல்லை. முறத்தை மடியில் வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவன் வீட்டுக் கோழி தன் வாசலில் மேய்ந்தால்கூடக் கல்லெடுத்து விரட்டுகிறவள், கூடப் பிறந்த அண்ணனோடு ஒன்பது வருஷமாக ஒரு வார்த்தை பேசாதவள், அத்தனை நேரம் சும்மா இருந்ததே பெரிய விஷயம்.

கோபத்துக்குக் காரணம் மரக்காணத்தில் எல்லாருக்கும் தெரியும். இந்த வாரம்தான் கதைக்குள் வருகிறவர்களுக்காக ஒரு தரம் சொல்லிவிடுகிறேன்.

அவர்கள் அப்பா சாகும் முன் தன் உப்பளத்தை நடுவில் ஒரு வரப்புப் போட்டு இரண்டாகப் பிரித்தார். மேற்குப் பாதி பவுல்ராஜுக்கு, கிழக்குப் பாதி இன்னாசியம்மாளுக்கு. ஒரு வருஷம் பாத்தியெல்லாம் உப்பு பூத்து, வாருகிற சமயத்தில் பேய் மழை. விடிந்து போய்ப் பார்த்தால் நடு வரப்பு வெட்டிக் கிடந்தது. மேற்கே நின்ற மழைத் தண்ணீர் அத்தனையும் கிழக்கே இறங்கி, அவளுடைய உப்பு முழுக்கக் கரைந்து போயிருந்தது. அம்பாரத்தில் குவித்ததுகூட அடியோடு சரிந்துவிட்டது. பவுல்ராஜ் உப்புக்கு ஒன்றும் ஆகவில்லை.

அவள் புருஷன் சகாயநாதன் அதற்குப் பிறகு தலை நிமிரவே இல்லை. யாரோடும் பேசாமல் திரிந்தான். அடுத்த வருஷம் காய்ச்சல் என்று படுத்தான், எழுந்திருக்கவில்லை. அவன் மண்வெட்டி கொல்லைச் சுவரில் இன்றைக்கும் தொங்குகிறது. அதை யாரும் தொடக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம்.

பவுல்ராஜ் கோவில் வாசலில் நின்று, வரப்பு தானாக உடைந்தது என்று சொன்னான். தானாக உடைந்த வரப்பு எப்படி இருக்கும், மண்வெட்டி விழுந்த வரப்பு எப்படி இருக்கும் என்று தெரியாதவளா இன்னாசியம்மாள்? வெட்டுவாய் பளபளவென்று இருந்ததை அவளே கண்ணால் பார்த்தாள்.

அன்றிலிருந்து அண்ணன் கிழக்கே போனால் அவள் மேற்கே போவாள். அவன் வீட்டுக்கு ஓடு போட்டான், அவள் கடன்காரி ஆனாலும் பரவாயில்லை என்று தளம் போட்டாள். அவன் ஒரு கட்சிக்கு ஓட்டுப் போட்டான் என்று தெரிந்ததும், தனக்குப் பிடித்த அதே கட்சியை விட்டுவிட்டு எதிர்க்கட்சிக்குக் குத்தினாள். பூசையில் பக்கத்தில் இருப்பவருக்குச் சமாதானம் சொல்லுங்கள் என்று ஃபாதர் புது வழக்கம் கொண்டுவந்தாரே, அப்போது அண்ணன் நிற்கும் பக்கம் தப்பித் தவறித் திரும்பிவிடக் கூடாது என்று தூணுக்குச் சமாதானம் சொன்னவள் அவள்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். இன்னாசியம்மாளின் மகள் ஜோசப்பின், பி.யூ.சி.யில் முதல் வகுப்பில் தேறிவிட்டாள். இரண்டு இடத்தில் சீட். ஒன்று மெட்ராஸில் கன்னியர் நடத்தும் சின்னக் கல்லூரி. அங்கே சரித்திரம், இலக்கியம், பொருளாதாரம், தர்க்கம் என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் படிக்க வேண்டும். மரத்தடியில் உட்கார்த்திவைத்து விவாதம் பண்ணச் சொல்வார்களாம். இன்னொன்று கடலூர் தாண்டித் தெற்கே பெரிய பல்கலைக்கழகம். அஞ்சு வருஷம் ஒரே ரசாயனம், அதற்குமேல் ஆராய்ச்சி. கடல் தண்ணீரையும் உப்பையும் கண்ணாடிக் குழாயில் போட்டு ஆராய்கிற இடம்.

அம்மாவுக்குப் பல்கலைக்கழகம்தான். காரணம் படிப்பு இல்லை. பவுல்ராஜின் மகன் சேவியர்ராஜ் அதே பல்கலைக்கழகத்துக்கு இரண்டு தரம் எழுதிப் போட்டு, இரண்டு தரமும் இடம் கிடைக்காமல் இப்போது லாரி ஆபீசில் உட்கார்ந்திருக்கிறான். அது ஒன்று. இன்னொன்று இன்னாசியம்மாள் யாரிடமும் சொல்லாமல் வளர்த்து வந்த ஆசை. மகள் டாக்டர் பட்டம் வாங்கி, உப்பு ஆபீசருக்கெல்லாம் ஆபீசராகி, வெள்ளைக் கோட்டோடு ஜீப்பில் வந்து பவுல்ராஜ் அளத்தில் இறங்க வேண்டும். ஒரு சிட்டிகை உப்பை எடுத்துப் பார்த்து, இது மனுஷன் தின்கிற உப்பே இல்லை என்று சீல் குத்த வேண்டும். அதை ஊரே நின்று பார்க்க வேண்டும். தூக்கம் வராத நாளெல்லாம் அவள் அந்த ஜீப்பைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

இப்படி எல்லாம் முடிவாகி, டிரங்குப் பெட்டி கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்த காலையில்தான் பவுல்ராஜ் வந்து நிற்கிறான்.

"சண்டைக்கு வரல இன்னாசி," என்றான். "பாப்பாவுக்கு ரெண்டு எடத்துல சீட்டு கெடைச்சிருக்குதுன்னு ஃபாதர் சொன்னாரு. நான் அவளுக்கு ஞானத்தகப்பன். ஞானஸ்நானத்துக்கு நான்தான் தூக்கிட்டு நின்னேன். ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறேன். யுனிவர்சிட்டிக்கே அனுப்பு."

இன்னாசியம்மாளின் விரல் அரிசியில் நின்றது.

அவன் நிறுத்தவில்லை. கன்னியர் காலேஜில் பாட்டும் கதையும்தான் சொல்லித் தருவார்கள், எதிலும் முழுசாக ஒன்றும் தெரியாமல் வெளியே வருவாள் என்றான். ஆராய்ச்சிப் படிப்புதான் படிப்பு என்றான். கடைசியில்தான் குண்டைத் தூக்கிப் போட்டான். பல்கலைக்கழகத்தில் தனக்குத் தெரிந்த பெரிய மனிதர் இருக்கிறாராம். தானே கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டு, ஹாஸ்டலில் சொல்லிவிட்டு வருவானாம்.

அவளுக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. ஓஹோ, அப்படியா சங்கதி! நாளைக்கு ஊர் என்ன பேசும்? பவுல்ராஜ் கை காட்டினான், தங்கச்சி மகள் பெரிய படிப்பு படித்தாள் என்று பேசும். ஜீப்பில் மகள் வந்து இறங்கும்போது, நான்தான் சேர்த்துவிட்டேன் என்று இவன் மாலையோடு எதிரே நிற்பான். ஒன்பது வருஷம் நெஞ்சில் வைத்துக் காத்த பழியைச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து ஒரே பேச்சில் பிடுங்கிக்கொண்டு போகப் பார்க்கிறான்.

அடுப்படி நிலையில் சாய்ந்து நின்ற மகளைப் பார்த்துச் சொன்னாள். அண்ணனோடுதான் பேச மாட்டாளே.

"ஜோசப்பின், வந்தவங்ககிட்ட சொல்லிடு. நீ கன்னியர் காலேஜுக்குத்தான் போறே. நாளைக்குக் காலையில மொத பஸ்ஸு."

ஜோசப்பின் தலையைக் குனிந்துகொண்டாள். பவுல்ராஜ் துண்டை உதறித் தோளில் போட்டான். செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கும்போது அவன் முதுகு லேசாகக் குலுங்கியது. அழுகிறான் என்று நினைத்தாள் இன்னாசியம்மாள். அழட்டும் என்று நினைத்ததும் மனசு குளிர்ந்துபோயிற்று.

அன்றைக்கு அவள் அளத்துக்கு நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும்! எதிரே வந்தவர்களிடமெல்லாம் மெட்ராஸ், மெட்ராஸ் என்று சொல்லிக்கொண்டே போனாள். உப்பு வாரிக்கொண்டிருந்த பாஞ்சாலை மட்டும் வாருபலகையை நிறுத்திவிட்டு, நேற்று வரைக்கும் பல்கலைக்கழகம் என்றுதானே சொன்னீங்க என்று கேட்டுவிட்டாள். இன்னாசியம்மாளுக்குச் சுருக்கென்றது. கன்னியர் காலேஜில் படித்தால் கலெக்டர் ஆகலாம், வக்கீல் ஆகலாம், உப்பை நோண்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது ஒரு படிப்பா என்று ஒரு மூச்சு பேசி அவள் வாயை அடைத்தாள்.

பேசிவிட்டாளே ஒழிய, உள்ளே ஒரு பள்ளம் விழுந்திருந்தது. வெள்ளைக் கோட்டு போய்விட்டது. ஜீப்பும் போய்விட்டது. போகட்டும், வக்கீல் கறுப்புக் கோட்டு இருக்கிறதே என்று தேற்றிக்கொண்டாள். கறுப்புக் கோட்டு போட்ட ஜோசப்பின் பவுல்ராஜைக் கூண்டில் ஏற்றி, வரப்பை வெட்டியது யார் என்று கேட்பதை நினைத்துப் பார்த்தாள். அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

கடல் பக்கம் மேகம் திரண்டுகொண்டிருந்தது. அம்பாரத்துக்குக் கீற்று போட்டு மூடச் சொல்லிவிட்டு, பெட்டியில் இன்னும் என்ன வைக்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்குத் திரும்பினாள். ஜோசப்பின் தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். முறுக்கு டப்பாவைப் பெட்டிக்குள் வைக்கலாம் என்று மூடியைத் திறந்தாள்.

மேலே மடித்து வைத்திருந்த வெள்ளைச் சேலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம்.

எண்ணெய் ஏதாவது கொட்டிவிட்டதோ என்று சேலையை விலக்கினாள். அடியில் ஒரு சின்னத் துணி முடிச்சு. சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அவிழ்த்தால், ஒரு கைப்பிடி உப்பு.

நம் பக்கத்து அளத்துக்காரர் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை தொலைதூரம் போகும்போது ஞானத்தகப்பன் தன் அளத்து உப்பில் ஒரு பிடி எடுத்து, துணியில் முடிந்து, நெற்றியில் சிலுவை வரைந்து கையில் கொடுப்பான். போன ஊரில் முதல் நாள் அதைக் கிணற்றில் போட்டால் அந்த ஊர்த் தண்ணீர் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளும் என்பார்கள். உனக்கு அந்த முடிச்சு கிடையாது, உன் ஞானத்தகப்பன் நம்மைப் பொறுத்தவரை செத்துப்போனான் என்று இன்னாசியம்மாள் மகளிடம் எப்போதோ சொல்லியிருந்தாள்.

இரண்டு கல்லை எடுத்து நாக்கில் வைத்தாள். முதலில் உப்பு. அப்புறம் அடித்தொண்டையில் ஒரு கசப்பு.

யார் உப்பு என்று அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. உப்பு விளைந்தபின் பாத்தியில் மிஞ்சுகிற கசப்புத் தண்ணீரை வடித்துவிட வேண்டும். பவுல்ராஜ் அவசரக்காரன், வடிக்கவே மாட்டான். அவன் உப்பு மூட்டைக்குள்ளேயே நீர் விட்டுக் கசியும். அவசரக்காரன் உப்பு என்று அவளே ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். வேறொரு பெண் என்றால், சமையலுக்கு வைத்த உப்பு நனைந்துவிட்டது என்று மூடியிருப்பாள்.

முடிச்சைச் சுற்றிச் சேலை மூன்று மடிப்பு வரை ஊறியிருந்தது. இன்று காலையில் வைத்த உப்பு இத்தனை தூரம் ஊறாது. அப்படியானால் அவன் வாசலுக்கு வந்து நிற்பதற்கு முன்பே உப்பு பெட்டிக்குள் வந்துவிட்டது. பெட்டிக்குள் இருப்பதும் வெள்ளைச் சேலைகள். வெள்ளைச் சேலை கட்டி வரச் சொன்னது கன்னியர் காலேஜ். தான் முடிவு சொல்வதற்கு முன்பே முடிவு கட்டி, மடித்து, மூடி வைத்திருக்கிறார்கள்.

பவுல்ராஜின் முதுகு குலுங்கியது அவளுக்கு இப்போது புரிந்தது. அழவில்லை. சிரித்திருக்கிறான்.

குடத்தோடு உள்ளே வந்த ஜோசப்பின், தரையில் விரித்துக் கிடந்த ஈரத் துணியைப் பார்த்தாள். குடத்தை இறக்கி வைத்தாள். அவள் பொய் சொல்கிற பெண் இல்லை. சொல்லத் தெரிந்திருந்தால் இத்தனை வம்பே இல்லை.

தானேதான் மாமாவிடம் போனதாகச் சொன்னாள். யுனிவர்சிட்டிக்கு அனுப்பு என்று வீட்டுக்கு வந்து சொல்லும்படி தானேதான் கேட்டுக்கொண்டதாகவும் சொன்னாள். அவர் முதலில் மாட்டேன் என்றாராம், அப்புறம் வெகு நேரம் சிரித்தாராம்.

"எனக்குக் கெமிஸ்ட்ரி வரும்மா, புடிக்கல," என்றாள். "உங்கிட்ட எத்தினி தடவ சொன்னேன், உன் காதுல ஏறல. நீ என் பேச்சக் கேக்க மாட்டே. மாமா பேச்சுக்கு மட்டும்தான் ஆடுவே. அவரு வேணான்னா வேணும்பே, வேணுன்னா வேணாம்பே. ஒம்போது வருசமா உன்ன நடத்துறது அவருதாம்மா."

இன்னாசியம்மாளுக்குக் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது போல் இருந்தது. அடிக்கக் கை ஓங்கினாள், அடிக்கவில்லை. வேறொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. மகளைக் கன்னியர் காலேஜுக்கு அனுப்பினால் அவன் நினைத்தது நடக்கும். மாற்றிப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினால் அவன் வாசலில் நின்று சொன்னது நடக்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் பவுல்ராஜ் ஜெயித்து நிற்கிறான். அவனுக்கு, தன் வயிற்றில் பிறந்ததே கதவைத் திறந்துவிட்டிருக்கிறது.

கைப்பிடி உப்பையும் குடத்துத் தண்ணீரில் போட்டாள். கையை விட்டுக் கலக்கினாள். கடைசிக் கல் கரையும் வரை கலக்கினாள்.

"என் உப்பும் இப்படித்தான்டி கரைஞ்சிச்சு. அதோட உங்கப்பனும் கரைஞ்சாரு. அத மறந்துட்டு அவங்கிட்டப் போயி நெத்திய நீட்டிருக்கே. உனக்கு எந்தக் காலேஜும் கெடையாது. நாளையிலேர்ந்து கூடைய எடுத்துக்கினு அளத்துக்கு வா."

ஜோசப்பினின் முகம் வெளுத்துவிட்டது. இதை அவள் எதிர்பார்க்கவில்லை. அம்மாவின் கோபம் மாமா மேல் பாயும், தன் பக்கம் திரும்பாது என்று நம்பித்தான் அந்த விளையாட்டை ஆரம்பித்திருந்தாள். நாளைக்கு முதல் பஸ்ஸில் ஏறாவிட்டால் சீட் போய்விடும். அதற்கப்புறம் வாருபலகைதான், வாழ்நாள் முழுக்க.

வெளியே இடி உருண்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தாள் இன்னாசியம்மாள். மேகம் கரைக்கு வந்துவிட்டது. பவுல்ராஜ் அளத்தில் பாத்தியெல்லாம் உப்பு பூத்து நிற்கிறது, இன்னும் வாரவில்லை. தன்னுடையதில் பாதிக்குமேல் வாரி மூடியாகிவிட்டது. சரிதானே! சாமியே மழையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, இனி நீ பார்த்துக்கொள் என்கிறது. வாய்க்காலைத் திருப்பி, நடு வரப்பில் நாலு வெட்டுப் போட்டால் போதும். விடிந்ததும் கோவில் வாசலில் நின்று தானும் சொல்லலாம், தானாக உடைந்தது என்று.

கொல்லைக்குப் போனாள். சுவரிலிருந்து சகாயநாதனின் மண்வெட்டியை எடுத்தாள். இத்தனை வருஷத்துத் துரு உள்ளங்கையில் ஒட்டியது. புருஷன் பொருளாலேயே பழி தீரட்டும் என்று நினைத்தபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஜோசப்பின் ஓடிவந்து கொல்லைக் கதவை மறித்துக்கொண்டு நின்றாள். நகரு என்றாள் அம்மா. அவள் நகரவில்லை.

"முடிச்ச வாங்கறதுக்கு முன்னால நானும் கேட்டேம்மா," என்றாள். "எங்கப்பா உப்ப ஏன் கரைச்சீங்கன்னு மூஞ்சிக்கு நேரா கேட்டேன். அவரு மொதல்ல சொல்ல மாட்டேன்னாரு. அப்புறம் சொன்னாரு. உங்கம்மா காதுக்கு இது போவக் கூடாதுன்னும் சொன்னாரு."

"என்ன சொன்னான்?"

"அன்னிக்கு அந்த வரப்ப வெட்டினது இந்த மண்வெட்டிதானாம்."

மழையின் முதல் துளிகள் கொல்லைத் தரையில் விழுந்தன. இன்னாசியம்மாள் மண்வெட்டியைப் பார்த்தாள். வெட்டுவாயின் பளபளப்பு நினைவுக்கு வந்தது. அன்று விடியற்காலையில் சகாயநாதன் முழங்கால் வரை சேற்றோடு வீட்டுக்கு வந்து, கேட்டதற்குப் பதில் சொல்லாமல் கால் கழுவியதும் நினைவுக்கு வந்தது. அளத்துக்காரன் காலில் சேறு இல்லாமல் இருக்குமா என்று அவள் அன்றைக்கு அதை யோசிக்கவே இல்லை. தன் பக்கத்து மழைத் தண்ணீரை அவன் மேற்கே தள்ளப் போய், மேற்குத் தண்ணீர்தான் கிழக்கே இறங்கிவிட்டதோ?

அண்ணன் சொன்னால் அது பொய். அதற்கு நேர் மாறானதுதான் நிஜம். இத்தனை வருஷம் அதை வைத்துத்தான் அவள் நடந்தாள். இப்போதும் காலை அதே பக்கம் எடுத்து வைக்கப் பார்த்தாள், கால் நகரவில்லை.

மண்வெட்டியை இறுகப் பிடித்துக்கொண்டு மகள் பக்கம் திரும்பினாள்.

"பெட்டிய மூடி வை. வா எங்கூட. அவன் பொய் சொல்லியிருந்தா நாளைக்கு நீ அளத்துக்கு வர்றே. நெசமா இருந்தா..." அந்த வாக்கியத்தை முடிக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. "நெசமா இருந்தா நீ கேட்ட காலேஜுக்குப் போ."

இருவரும் மழையிலேயே நடந்தார்கள். அம்மா முன்னால், மகள் பின்னால். தெருவில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள், யாரும் எங்கே என்று கேட்கவில்லை.

பவுல்ராஜ் ஓட்டு வீட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தங்கச்சியைக் கண்டதும் சிரிக்கப் போனான். அவள் கையிலிருந்ததைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டான். பின்னால் வந்த ஜோசப்பினைப் பார்த்து, சொல்லிட்டியா என்று கேட்பது போல் அவன் உதடு அசைந்தது.

இன்னாசியம்மாள் படிக்குக் கீழே நின்று செருப்பைக் கழற்றினாள்.

"அண்ணே," என்றாள்.

மண்வெட்டியை மட்டும் கீழே வைக்கவில்லை.